நாற்பத்தெட்டாவது அடி

பொங்கியண்ணனின் வலது கால் கட்டைவிரலை உடைத்தவன் நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். குற்றவாளியைக் கடைசிப் பக்கம் வரைக்கும் ஒளித்து வைப்பதுதான் இந்த மாதிரிக் கதைகளில் வழக்கம். ஆனால் நான் செய்ததை அறையில் இருந்த அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள். ஒளித்துப் பிரயோஜனம் இல்லை.

நடந்தது இவ்வளவுதான். கொல்லிமலை உச்சியில், வாசலூர்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பங்களா. பங்களாவில் ஒரு பில்லியர்ட்ஸ் மேசை. பச்சைத் துணி விரித்த மேசைமேல் ஒரு வெள்ளைத் தந்தப் பந்து. என் கையில் ஆளுயரக் கோல். "சும்மா ஒரு அடி அடிச்சுப் பாருங்க" என்று பங்களாவின் சொந்தக்காரரான பொங்கியண்ணன் உபசாரத்துக்குச் சொன்னார். உபசாரத்துக்குச் சொல்வதை எல்லாம் நம்பிவிடுவது எனக்குப் பழைய வியாதி. குனிந்து, ஒரு கண்ணை மூடி, அடித்தேன். பந்து உருளவில்லை. தவளை மாதிரி எழும்பி, மேசை விளிம்பைத் தாண்டி, செருப்புப் போடாத அவர் காலில் போய் இறங்கியது.

பொங்கியண்ணன் அலறவில்லை. பெரிய மனிதர். நாற்காலியில் உட்கார்ந்து, காலைத் தூக்கி முக்காலிமேல் வைத்து, அது நிறம் மாறுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மாணிக்கம்," என்றார் என்னிடம். "சாயங்காலம் நாலு மணிக்கு எம் மாப்பிள்ளைகூடப் பந்தயம் ஆடோணும். இந்தக் காலை வச்சுட்டு எப்படி நிப்பேன்?"

நான் என் முதலாளியைப் பார்த்தேன். சேலத்துத் துப்பறியும் நிபுணர் அர்த்தனாரி ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை முன்பின் தெரியாதவர் மாதிரி.

"எனக்குப் பதிலா நீங்களே ஆடிருங்க," என்று பொங்கியண்ணன் தீர்ப்புச் சொன்னார். "ஒடைச்சது நீங்கதானே?"

"ஐயா, நான் ஆடலாமா?" என்று அர்த்தனாரியிடம் கேட்டேன்.

"மூடுபனி எறங்கும் போலிருக்கே," என்றார் அவர்.

அவரிடம் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். ஒரு கேள்விக்காவது நேரான பதில் வாங்கியதில்லை. 'சாப்பிடப் போகலாமா?' என்று கேட்டால், 'மழை வரும் போலிருக்கே' என்பார். மழை வராது. சாப்பாடும் வராது.

நாங்கள் மலையேறி வந்தது பந்தாட அல்ல. ஒரு மோதிரத்தைத் தேடி.

பொங்கியண்ணன் கீழே காளப்பநாயக்கன்பட்டியில் நிலபுலம் உள்ள பெரிய பண்ணாடி. மலைமேல் காப்பித் தோட்டம் போட்டிருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் சீமைக்குக் கப்பலேறும்போது பங்களாவை இவருக்கு விற்றார். கூடவே மேசையும் வந்தது, ஒரு மட்டக்குதிரையும் வந்தது. மலைக்கு ரோடு கிடையாது. குதிரை வைத்திருப்பவன் உட்கார்ந்துகொண்டு ஏறுவான். மற்றவர்களெல்லாம் நாக்குத் தள்ள நடந்து ஏறவேண்டும். நான் நடந்துதான் ஏறினேன். என் முழங்காலைக் கேட்டால் சொல்லும். அந்த ஒற்றைக் குதிரைக்குத்தான் இன்றைக்குப் பந்தயம். ஜெயிப்பவருக்குக் குதிரை.

ஆடும்போது விரலில் மோதிரம் இருந்தால் கோலில் இடிக்கும் என்று பொங்கியண்ணன் தன் வைர மோதிரத்தைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைப்பார். போன சனிக்கிழமை அப்படி வைத்தது, ஆட்டம் முடிந்து பார்த்தபோது இல்லை. அப்போது அறையில் இருந்தவர்கள் மூன்றே பேர். பொங்கியண்ணன் ஒருவர். அவர் மனைவியின் தம்பி, பந்தயம் ஆடப்போகிற மாப்பிள்ளை மாரப்பன் ஒருவர். பந்தை எடுத்துக் கொடுத்து, புள்ளிப் பலகையில் ஊசியை நகர்த்தும் மார்க்கர் மாதேஸ்வரன் ஒருவன். முதல் இரண்டு பேரும் உறவுக்காரர்கள். மூன்றாவது ஆள் மலைக்காரன். ஆக, திருடன் யாரென்று கண்டுபிடிக்க அந்த வீட்டில் அரை நிமிஷம்கூடப் பிடிக்கவில்லை. திருடன் கிடைத்துவிட்டான், மோதிரம்தான் கிடைக்கவில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் எங்களுக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள்.

மூன்று நாளாக மாதேஸ்வரனைப் பங்களாத் தாழ்வாரத்தில் உட்கார வைத்திருந்தார்கள். அவன் குடிசையைக் கூரை வரைக்கும் பிரித்துத் தேடியாகிவிட்டது. கீழேயிருந்து போலீஸ் ஏட்டு ஒருவர் விடியற்காலையிலேயே புறப்பட்டுவிட்டதாகச் செய்தி வந்திருந்தது. அவர் வந்து சேர்ந்ததும் மாதேஸ்வரனைக் கூட்டிக்கொண்டு இறங்குவார். கீழே போன மலைக்காரன் எப்போது திரும்பி ஏறுவான் என்பதற்குக் கணக்கெல்லாம் கிடையாது. அதனால் மாதேஸ்வரனின் பெண்டாட்டி கண்ணாயி, முறத்தையும் ஒரு மூட்டைச் சாமையையும் எடுத்துக்கொண்டு வந்து தாழ்வாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாளாகப் புடைக்கிறாள். அந்தச் சாமையில் இனிமேல் கல்லே இருக்க முடியாது.

"மாதேசனைக் கூப்பிடு," என்றார் பொங்கியண்ணன். "இவருக்கு அடிக்கச் சொல்லிக் குடுக்கட்டும்."

"திருடன்கிட்டயா மாமா?" என்று மாரப்பன் சிரித்தார். முப்பது வயது, மல் ஜிப்பா, நன்றாகச் சீவிய கிராப்பு. இரண்டு வாரமாகப் பங்களாவிலேயே தங்கித் தனியாக ஆடிப் பழகுகிறாராம். வாழைமட்டைப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு சிட்டிகைப் பொடி எடுத்து மூக்கில் ஏற்றினார்.

"திருடுனது மோதிரத்தை. ஆட்டத்தை இல்லையே," என்றார் பொங்கியண்ணன்.

மாதேஸ்வரன் உள்ளே வந்தான். வந்ததும் என்னைப் பார்க்கவில்லை, பந்தைத்தான் பார்த்தான். அதை எடுத்து வேட்டியில் துடைத்து, கீறல் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று தடவினான். கட்டைவிரல் என்னவானது என்று மரியாதைக்குக்கூட விசாரிக்கவில்லை.

"அடிவயித்துல குத்தினா அது எந்திரிச்சுத்தானுங்க போகும்," என்றான். "நடுவுல அடிக்கோணும்."

இரண்டு வெள்ளைப் பந்துகளில் ஒன்றில் மட்டும் அடையாளத்துக்கு ஒரு கறுப்புப் பொட்டு உண்டு. அந்தப் பந்தை மேசையின் ஒரு தலைமாட்டில், இரு ஓரத்துக்கும் சரிநடுவில் வைத்தான். பொட்டு என்னைப் பார்க்கும்படி திருப்பினான். கோல்முனையில் நீலச் சாக்கட்டியைத் தேய்த்துக் கொடுத்தான்.

"பொட்டு உங்களைப் பாக்குதுங்களா? சாக்கட்டி அது மேலயே ஒட்டோணும். பக்கத்துல பட்டா, எதிர் விளிம்புத் திண்டுல மோதிக் கோணிக்கிட்டுப் போகும். சரியா நடுவுல பட்டா, போன வழியே திரும்பி வந்து உங்க கோல் முனையைத் தொடுமுங்க."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதானுங்க," என்றான். அதைச் சொன்ன தொனி எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் அடி வலது மூலைப் பையில் விழுந்தது. இரண்டாவது இடது மூலை. மூன்றாவது அடி பந்தைத் தொடவே இல்லை.

"மூணு," என்றாள் கண்ணாயி. கதவுக்கு வெளியே முறத்துடன் உட்கார்ந்தபடியே எண்ணிக்கொண்டிருந்தாள்.

"கோலை இறுக்காதீங்க," என்றான் மாதேஸ்வரன். "தேனடை அறுக்கற கை எப்படி இருக்கும்? அப்படிப் போகோணும். வெடுக்குன்னு இழுத்தாக் கொட்டிப்போடும்."

"ஏற்கெனவே பண்ணாடி காலைக் கொட்டிருச்சு," என்று கண்ணாயி வெளியிலிருந்து சொன்னாள்.

பதினைந்து ஆயிற்று. இருபது ஆயிற்று. ஒவ்வோர் அடிக்கும் ஒரே கேள்விதான் கேட்டேன்: "நடுவா?" ஒவ்வொரு தடவையும் மாதேஸ்வரன், "கிட்டத்துல வந்துட்டீங்க" என்றான். எனக்குச் சந்தேகம் வந்தது.

"எவ்வளவு கிட்டத்துல?"

யோசித்தான். "காளப்பநாயக்கன்பட்டி வந்துட்டீங்க. இனி மலைதான் ஏறோணும்."

முப்பதாவது அடிக்குப் பிறகு தண்ணீர் குடிக்கத் தாழ்வாரத்துக்கு வந்தேன். கண்ணாயி செம்பை நீட்டினாள். அவள் அழுதிருந்தால் எனக்கு ஆறுதல் சொல்லத் தெரிந்திருக்கும். அவள் அழவில்லை.

"ஏனுங்க," என்றாள், "நீங்க துப்பு வெட்டறவருங்களா, பந்தாடறவருங்களா?"

"எனக்கே தெரியலம்மா."

"ஏட்டு வர்றதுக்குள்ள ரெண்டுல ஒண்ணை முடிவு பண்ணுங்க." முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். "பள்ளத்து வயல்ல நாத்து நடற பருவம். சேத்துல தண்ணி விட்டு மட்டம் பாக்கோணும். இவரு பாத்தா வயலு சோத்துத் தட்டு மாதிரி நிக்கும். வேற யாரு பாத்தாலும் தண்ணி ஒரு பக்கம் ஒதுங்கிரும். பாதி நாத்து காயும், பாதி அழுகும். இவரு எறங்கிப் போனா இந்த வருசம் எங்களுக்கு அரிசி இல்லீங்க. அவ்வளவுதான்."

உள்ளே மாரப்பன் தும்மும் சத்தம் கேட்டது.

"இந்த மலையிலயே மூக்குல மண்ணு போட்டுக்கற ஒரே ஆளு," என்றாள் அவள், சாமையைப் பார்த்துக்கொண்டே.

நான் உள்ளே போய் மறுபடி குனிந்தேன். பந்தயத்தை மறந்துவிட்டேன், குதிரையையும்தான். துப்பு எதுவும் கிடைக்காதவனுக்கு, அடிக்கப் பந்தாவது இருக்கிறதே என்று அடித்தேன். அர்த்தனாரி ஜன்னலை விட்டு நகரவே இல்லை.

நாற்பத்தேழாவது அடிக்கு மாதேஸ்வரன் பெருமூச்சு விட்டான். பந்தை எடுத்துவந்து வைத்தான். பொட்டு என்னைப் பார்த்தது. நான் பொட்டைப் பார்த்தேன். தேனடை, தேனடை என்று சொல்லிக்கொண்டேன். கோல் போனது.

சத்தமே வேறாக இருந்தது. 'டக்' என்று, தாழ்ப்பாள் சரியாக விழுந்த மாதிரி. பந்து குதிக்கவில்லை, நெளியவில்லை. பன்னிரண்டடி மேசையில் கோடு போட்ட மாதிரி கிளம்பியது. பாதி தூரம் வரைக்கும் கோடுதான். அதற்குப் பிறகு, யாரோ கூப்பிட்டது மாதிரி, மெதுவாக இடது பக்கம் ஒதுங்கியது. எதிர்த் திண்டில் மோதித் திரும்பியது. வரும்போதும் அதே பக்கமாக இன்னும் ஒதுங்கி, என் கோல்முனைக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றது.

"நடுவா?" என்றேன்.

மாதேஸ்வரன் வந்து நின்ற பந்தைப் பார்த்தான். 'கிட்டத்துல வந்துட்டீங்க' என்றுகூடச் சொல்லவில்லை. குனிந்து மேசையின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாரப்பன்தான் கைதட்டிச் சிரித்தார். "கோணக் கை! பாத்தீங்களா மாமா? மேசை சுத்த மட்டமாத்தான் இருக்குது. இவரு கைதான் கோணல். பேசாமக் குதிரையைக் குடுத்துருங்க."

அப்போதுதான் அர்த்தனாரி ஜன்னலை விட்டுத் திரும்பினார். மெதுவாக வந்து பந்தைக் கையில் எடுத்தார். உருட்டிப் பார்த்தார். கைக்குட்டையில் சுற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஐயா, சாக்கட்டி எங்கே பட்டிருந்தது? பொட்டு மேலயா?"

"இந்த ஊர்ல பலாப்பழம் நல்லாருக்கும்னு சொல்றாங்க," என்றார் என்னிடம். பிறகு மாரப்பனிடம் திரும்பினார். "மேசை மட்டமா இருக்குன்னீங்களே, அது எப்படித் தெரியும்?"

"இதென்னங்க கேள்வி! பாத்தாப் போச்சு." மாரப்பன் அலமாரியிலிருந்து ஒரு ரசமட்டத்தை எடுத்து வந்தார். கொத்தனார்கள் சுவருக்கு வைத்துப் பார்ப்பார்களே, அதேதான். ஆனால் இது துரை காலத்துச் சீமைச் சரக்கு. ஒரு முழ நீளக் கருங்காலிக் கட்டை, மேலே பித்தளைத் தகடு, நடுவில் கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் ஒரு குமிழி. அதை மேசைக்குக் குறுக்கே வைத்தார். எல்லாரும் குனிந்து பார்த்தோம். குமிழி ஓடி வந்து இரண்டு கோடுகளுக்கு நடுவில் நின்றது. ஒரு மயிரிழை அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம் இல்லை.

"போதுமா?" என்றார் மாரப்பன்.

என் கோலை நான் சுவரில் சாய்த்து வைத்தேன். அதுவும் வழுக்கிக் கீழே விழுந்தது.

வாசலில் ஏட்டு வந்துவிட்டார். மலையேறிய களைப்பில் முதலில் பேச்சு வரவில்லை. தலைப்பாகையைக் கழற்றி விசிறிக்கொண்டார். மூச்சு திரும்பியதும், "யாருங்க ஆளு?" என்றார்.

மாதேஸ்வரன் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். அது பதில் மாதிரிதான் இருந்தது. வெளியே முறத்தின் சத்தம் நின்றது. மூன்று நாளில் முதல் தடவையாக நின்றது. அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை. யார் காலிலாவது இன்னொரு பந்தைப் போடலாமா என்றுகூடத் தோன்றியது.

"ஏட்டையா, உக்காந்து ஒரு வாய் மோர் குடிங்க," என்றார் அர்த்தனாரி. "மாதேஸ்வரா, எறங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. இந்த மேசைக்கு மட்டம் பாக்கறது யாரு?"

"நானுங்க. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை."

"இந்த ரசமட்டத்துலயா?"

மாதேஸ்வரன் பொங்கியண்ணனைப் பார்த்துத் தயங்கினான். "இல்லீங்க. பண்ணாடி கீழ சந்தைக்குப் போற நாளுங்க அது. துணி நனைஞ்சுருமோன்னு வைவாருன்னு அவருகிட்டச் சொன்னதில்லை. தட்டுல தண்ணி நெறைச்சு மேசை மேல வைப்பேன். வயலுக்குப் பாக்கற மாதிரிதானுங்க. தண்ணி எந்த விளிம்பைத் தொடுதோ, அந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு அர்த்தம். சாஞ்ச பக்கத்துக் காலுக்கு அடியில ஒரு பலாச் சில்லு செருகுவேன்."

"போன வெள்ளிக்கிழமை?"

"தண்ணி இடது பக்கம் ஒதுங்குச்சுங்க."

அர்த்தனாரி மேசையின் இடது ஓரத்தைத் தடவினார்.

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"சின்னவருகிட்டச் சொன்னேன்." மாரப்பன் பக்கம் தலையைக் காட்டினான். "அவரு இந்த ரசமட்டத்தை வச்சுக் காட்டுனாரு. குமிழி நடுவுல நின்னுச்சு. உன் தண்ணிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுன்னாரு. சில்லுச் செருக வேண்டாம், மாமா வந்ததும் பாத்துக்கலாம்னாரு. மறுநாளு மோதிரம் காணோம்னாங்க." மேசைக் காலைப் பார்த்தான். "மூணு நாளா அதைத்தானுங்க யோசிச்சுட்டு இருக்கேன். தண்ணி பொய் சொல்லாதுங்களே."

"இதை ஏம்ப்பா முன்னாடியே சொல்லல?" என்றேன் நான்.

"எல்லாரும் மோதிரத்தைத்தானுங்க கேட்டாங்க. மேசையை யாரும் கேக்கலீங்க."

"சரியாச் சொன்னே," என்றார் அர்த்தனாரி. "மாணிக்கம் அடிச்சதும் நானும் மேசையைப் பத்தி ஒண்ணும் கேக்கல. யாருமே கேக்கல. ஆனா மாரப்பன் மட்டும் பதில் சொன்னாரு."

மாரப்பன் பொட்டலத்துக்குள் விட்ட விரலை வெளியே எடுக்கவில்லை.

அர்த்தனாரி ரசமட்டத்தின்மேல் கையை வைத்தார். "மேசை நெஜமாவே மட்டமா இருந்தா, இதை எந்தப் பக்கம் திருப்பி வச்சாலும் குமிழி நடுவுலதான் நிக்கணும். இல்லையா?" என்றார். கேள்விதான், ஆனால் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கட்டையைத் தூக்கி, தலையைக் காலாகவும் காலைத் தலையாகவும் திருப்பி, அதே இடத்தில் வைத்தார்.

குமிழி கிளம்பியது. நடுவைத் தாண்டிப் போய்க் கடைசிக் கோட்டையும் தாண்டி, குழாயின் வலது முனையில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

"அட!" என்றார் ஏட்டு, மோர்ச் செம்புடன்.

பித்தளைத் தகட்டின் திருகுகளை என் பேனாக்கத்தியால் கழற்றச் சொன்னார் அர்த்தனாரி. வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த சில காரியங்களில் அது ஒன்று. விரலை ஒரே ஒரு தடவைதான் வெட்டிக்கொண்டேன். கண்ணாடிக் குழாயின் ஒரு முனைக்கு அடியில், அதைக் கொஞ்சமே கொஞ்சம் தூக்கி நிறுத்த, எதையோ மடித்து வைத்திருந்தார்கள். காய்ந்த வாழைமட்டைத் துணுக்கு. அர்த்தனாரி அதை எடுத்து முகர்ந்தார். தும்மினார். இன்னொரு தடவை தும்மினார். மூன்றாவது தும்மலைக் கையால் அடக்கிக்கொண்டு, அந்தத் துணுக்கை மாரப்பன் கையிலிருந்த பொடி மட்டைக்குப் பக்கத்தில் பிடித்தார். கிழிந்த ஓரம் கிழிந்த ஓரத்தோடு பொருந்தவில்லை. அது வேறு பொட்டலம். ஆனால் அந்த மலையில் பொடி போடுகிறவர் வேறு யாரும் இல்லையே.

"கட்டைக்குள்ள இன்னும் கையை விடு மாணிக்கம்."

விட்டேன். குழாய்க்குக் கீழே குடைந்திருந்த பள்ளத்தில் பஞ்சு இருந்தது. பஞ்சுக்குள் மோதிரம் இருந்தது.

"மேசைக்கு அடியில போய்ப் பாரு," என்றார் அர்த்தனாரி. மேசைக்கு அடியில் தவழ்ந்தேன். எட்டுக் கால். ஒவ்வொன்றுக்கும் அடியில் கறுத்துப்போன பழைய பலாச் சில்லுகள். வலது பக்கத்து நடுக்கால் ஒன்றில் மட்டும், கறுத்த சில்லுகளுக்கு மேலே, இப்போதுதான் சீவிய மாதிரி மஞ்சளாக ஒன்று. பக்கத்துத் தரையில் கடப்பாரை நெம்பிய வடு. எழுந்திருக்கும்போது தலையில் மேசை இடித்தது. "மஞ்சள்," என்று மட்டும் சொன்னேன்.

"புது மரம்," என்றார் அர்த்தனாரி. "சாஞ்ச மேசையில தனியா ஆடிப் பழகினவருக்குப் பந்து எங்கே ஒதுங்கும்னு தெரியும். எதிர்ல ஆடறவருக்குத் தெரியாது. ரசமட்டத்தையும் ஏமாத்தியாச்சு. ஆனா இவன் தண்ணியைக் கொண்டுவந்துட்டான். அதனால மோதிரம் போகணும்னு அவசியமில்ல, இவன் போகணும். மோதிரம் அதுக்கு ஒரு சாக்கு."

"ஒரு குதிரைக்காகவா?" என்றேன்.

அர்த்தனாரி கழற்றிய திருகுகளைப் பொறுக்கி மேசைமேல் வைத்தார்.

"மாமா, சும்மா வெளையாட்டுக்குத்தான்..." என்று மாரப்பன் ஆரம்பித்தார்.

பொங்கியண்ணன் மோதிரத்தைக் கையில் வாங்கினார். போட்டுக்கொள்ளவில்லை. "மாப்ள, ஏட்டையா இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்காரு. வெறுங்கையோட அனுப்ப வேண்டாம். கூடப் போ."

"மாமா! குதிரையிலயாவது..."

"நடந்து போ."

ஏட்டு மோரை முடித்தார். இருவரும் படியிறங்கிப் போனார்கள். பங்களாவுக்குப் பின்னால் குதிரை புல் மேய்ந்துகொண்டிருந்தது. தன் பொருட்டு இவ்வளவு நடந்தது அதற்குத் தெரியாது. சொன்னாலும் நம்பாது.

பொங்கியண்ணன் தொண்டையைச் செருமினார். "மாதேசா... அந்தச் சில்லை எடுத்துட்டு மேசையைச் சரி பண்ணிரு."

"அது அப்புறமுங்க," என்றது ஒரு குரல். கண்ணாயி வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்திருந்தாள். முறம் கையில் இல்லை. "மூணு நாளு போறவங்க வர்றவங்க எல்லாரு முன்னாலயும் இவரை உக்கார வச்சீங்க. எல்லாரு முன்னாலயும் ஒரு வார்த்தை சொல்லிருங்க."

பொங்கியண்ணன் அவளைப் பார்த்தார். பிறகு முக்காலியிலிருந்து காலை இறக்கினார். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கட்டைவிரலோடு எழுந்து நின்றார். தோட்டத்து ஆட்கள் ஏற்கெனவே வாசலில் கூடியிருந்தார்கள்.

"மாதேஸ்வரன் எடுக்கல," என்றார் சத்தமாக. "தப்பு எங்களுது."

காலில் வலித்திருக்கும். அந்த விரலை உடைத்ததற்காக அன்று முழுக்க நான் பட்ட வருத்தத்தில் பாதி அப்போதே குறைந்தது.

சாயங்காலப் பந்தயம் ஆட ஆளில்லை. நாங்கள் கிளம்பினோம். பள்ளத்து வயல் வழியாகத்தான் பாதை. மாதேஸ்வரன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வயலில் இறங்கியிருந்தான். முழங்கால் வரைக்கும் சேறு. கண்ணாயி வரப்பில் நின்று நாற்றுக் கட்டுகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. என் முதலாளியை எனக்குத் தெரியும். பந்தில் சாக்கட்டி எங்கே பட்டிருந்தது என்று அவர் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. மாரப்பன் தானாகவே வாயை விட்டதும் அவரைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். நான் வழக்கம்போல் கோணலாக அடித்து, மேசையும் கோணலாக இருந்து, இரண்டு கோணலும் சேர்ந்து குருட்டாம்போக்கில் வழி காட்டியிருக்கலாம். என் சரித்திரத்தைப் பார்த்தால் அதுதான் நியாயம்.

"ஐயா, அந்தப் பந்தைக் கொஞ்சம் காட்டுங்க."

அர்த்தனாரி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கைக்குட்டையில் உரசி உரசிச் சாக்கட்டி சுத்தமாகப் போயிருந்தது. பொட்டு மட்டும் பளபளவென்று என்னைப் பார்த்தது.

"துடைச்சிட்டீங்களே! நடுவா, இல்லையா? அதையாவது சொல்லுங்க."

"பொழுது எறங்கறதுக்குள்ள அடிவாரம் போயிரணும் மாணிக்கம்," என்று முன்னால் நடந்தார்.

நான் வரப்பிலேயே நின்றேன். "மாதேஸ்வரா!"

அவன் குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மண்ணை ஒரு கை அள்ளி மேட்டிலிருந்து எடுத்துப் பள்ளத்தில் வைத்தான். தண்ணீர் கொஞ்சம் யோசித்தது. பிறகு நாலு மூலையையும் ஒன்றாகப் போய்த் தொட்டது. அதற்கப்புறம்தான் நிமிர்ந்தான்.

"இந்தப் பந்தைப் பங்களாவுல குடுத்துரு," என்று நீட்டினேன். "அப்படியே ஒண்ணு சொல்லு. உபசாரத்துக்குச் சொல்லாதே. அந்த நாப்பத்தெட்டாவது அடி, நான் நடுவுல அடிச்சேனா?"

மாதேஸ்வரன் சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பந்தை வாங்கினான். பொட்டை மேலாகத் திருப்பி, ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தான்.

"நாப்பத்தேழும் கோணலுங்க. அது ஒண்ணு மட்டும் நட்ட நடு. பொட்டு மேலயே நீலம் இருந்துச்சு, நான் பாத்தேன். இல்லாட்டி நான் இந்நேரம் ஏட்டையா பின்னாடி எறங்கிட்டு இருப்பனுங்க."